எட்டாவதுலயே கேட்டிருக்கணும்: ஸ்பானிஷா, மாண்டரினா, நம்ம தமிழா?

போன மாசம் ஒரு தோழி போன் பண்ணா. அவ பையன் ஏழாவது முடிக்கிறான், ஸ்கூல்ல இருந்து ஒரு ஃபார்ம் வந்திருக்கு, எட்டாவதுல ஸ்பானிஷ், ஃப்ரெஞ்ச், மாண்டரின் மூணுல ஒண்ணை டிக் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும். "நீதான் பொண்ணை காலேஜ் அனுப்பிட்டியே, எதைப் போட்டா காலேஜ்காரன் மதிப்பான், சொல்லு"ன்னா. ஒரு மணி நேரம் பேசினேன், பாவம் நடுவுல அவ சாம்பார் அடிபிடிச்சுப் போச்சு. அன்னைக்கு சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன், ஏன்னா இதே கேள்வியை இதோட நாலஞ்சு பேர் கேட்டாச்சு. நாங்க இருக்கறது கலிஃபோர்னியா, அதனால யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கணக்குதான் எனக்கு தண்ணி பட்ட பாடு, மத்த மாநிலத்துல இருக்கறவங்க உங்க ஊர் கணக்கை ஒரு தடவை சரி பார்த்துக்கோங்க.

முதல்ல காலேஜ் என்ன கேக்குதுன்னு பார்ப்போம். யூசி, கால் ஸ்டேட் (மாநிலத்தோட இன்னொரு அரசு யூனிவர்சிட்டி) ரெண்டுக்கும் ஏ-ஜின்னு ஹைஸ்கூல்ல படிக்க வேண்டிய பாடங்களோட பட்டியல் ஒண்ணு இருக்கு, மொத்தம் 15 கோர்ஸ், அதுல ஈன்னு வர்றதுதான் இங்கிலீஷ் தவிர்த்த வேற மொழி. 2 வருஷம், ஒரே மொழி, கிரேடு சிக்கு கீழ போகக்கூடாது. ஒரு வருஷம் ஸ்பானிஷ், ஒரு வருஷம் ஃப்ரெஞ்ச்னு கலந்து கட்டி அடிச்சா செல்லாது. இதுக்குப் பக்கத்துலயே 3 வருஷம் படிச்சா நல்லதுன்னும் யூசி போட்டிருக்கும். எம்ஐடி 2 வருஷம்ங்குது. ஸ்டான்ஃபோர்ட் 3 வருஷமோ அதுக்கு மேலயோங்குது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே மொழியை 4 வருஷம் படிச்சுட்டு வாங்கன்னு சொல்றாங்க.

இதுல கட்டாயம்னு எழுதறது வேற, ரெக்கமெண்டட்னு எழுதறது வேற. வீட்டுக்கு வந்தவங்க "காபியெல்லாம் எதுக்குங்க, வேண்டாம்"னு சொன்னா நாம அப்படியே விட்டுடறோமா, அந்த மாதிரிதான் இந்த ரெக்கமெண்டட். பெரிய காலேஜுக்கு அப்ளை பண்ற பிள்ளைங்கள்ல நிறைய அதைக் கட்டாயம்னே எடுத்துக்கிட்டு படிச்சுட்டு வந்து நிக்கும், அதுங்க பக்கத்துல தான் நம்ம பிள்ளையோட டிரான்ஸ்கிரிப்டும் (ஹைஸ்கூல் மார்க் பட்டியல்) இருக்கும். ஆனா ஒண்ணு, உங்க ஸ்கூல்ல ஸ்பானிஷ் 3க்கு மேல கிளாஸே இல்லைன்னா அதுக்காக பிள்ளையைக் குத்தம் சொல்ல மாட்டாங்க, எந்த ஸ்கூல்ல என்னென்ன கிடைக்குதுங்கற விவரமும் அவங்க கைக்குப் போகுது. ஸ்கூல்ல ஏபி (ஹைஸ்கூல்லயே படிக்கற காலேஜ் லெவல் பாடம், கடைசியில ஒரு பரிட்சை) வரைக்கும் இருந்தும் ரெண்டாவது வருஷத்தோட விட்டுட்டு வந்தாதான் ஏன்னு ஒரு கேள்வி வரும்.

ஒரு டிப். காலேஜ் பேரோட காமன் டேட்டா செட்னு (காலேஜே வெளியிடற புள்ளிவிவரம்) சேர்த்து தேடிப் பாருங்க, சி5னு ஒரு டேபிள் இருக்கும், அதுல ஃபாரின் லாங்குவேஜ் வரியில எத்தனை வருஷம் கட்டாயம், எத்தனை வருஷம் இருந்தா நல்லதுன்னு ரெண்டு கட்டத்துல நம்பரா போட்டிருப்பாங்க. கன்சல்டன்ட்டுக்கு காசு கொடுத்துக் கேக்கற விஷயத்துல இதுவும் ஒண்ணு, ஓசியில கிடைக்குது.

இப்போ ஃபார்ம் விஷயத்துக்கு வரேன். வருஷம் வருஷம்னு எல்லாரும் சொன்னாலும் யூசி பார்க்கறது லெவலை, அதாவது ஸ்பானிஷ் 1, ஸ்பானிஷ் 2ன்னு வர்ற படியை. பிள்ளை நேரா லெவல் 2ல உக்காந்து சி கிரேடுக்குக் குறையாம முடிச்சுட்டா லெவல் 1 தானா முடிஞ்சதா கணக்கு. ஏழாவது எட்டாவதுல படிச்ச மொழியையும் ஹைஸ்கூல் தன்னோட லெவலுக்கு சமம்னு ஏத்துக்கிட்டா எண்ணிக்குவாங்க, கணக்குப் பாடத்துக்கும் இந்த சலுகை உண்டு. அதாவது மிடில் ஸ்கூல்ல லெவல் 1ஐ முடிச்சுட்டா ஒன்பதாவதுல லெவல் 2, பத்தாவதுல 3, பதினொண்ணுல 4 இல்லைன்னா ஏபி, பன்னெண்டாவது ஃப்ரீ. ஒன்பதாவதுலதான் ஆரம்பிக்கிறாங்கன்னா அதே ஏபி பன்னெண்டாவதுல காலேஜ் அப்ளிகேஷன், ஃபிசிக்ஸ், கால்குலஸ் எல்லாத்தோடயும் சேர்ந்து தலையில விழும். மிடில் ஸ்கூல் கிரேடு யூசி ஜிபிஏ (கிரேடுகளோட சராசரி) கணக்குல வராது, அங்க ஒரு பி வாங்கினாலும் ஒண்ணும் ஆயிடாது, அதுதான் தப்பு பண்ணிக் கத்துக்க வேண்டிய இடம். அதனால என் தோழிக்கு முதல்ல சொன்னது, எதை டிக் பண்றேங்கறது அப்புறம், எதையாவது டிக் பண்ணு, காலியா மட்டும் விட்டுடாத.

சரி, எதை டிக் பண்றது?

ஸ்பானிஷ்ல பெரிய சௌகரியம் அது எங்க போனாலும் இருக்கும். வேற ஊருக்கு மாத்தலாகிப் போனாலும் அடுத்த ஸ்கூல்ல ஸ்பானிஷ் 3 இல்லாம இருக்காது, நம்ம மாதிரி வேலைக்காக மூட்டை கட்டிக்கிட்டு அலையுற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்ல. அமெரிக்காவுல 4 கோடிக்கு மேல ஜனங்க வீட்டுல ஸ்பானிஷ் பேசறாங்க, கடையில, பக்கத்து வீட்டுல, ஃபுட்பால் டீம்லன்னு காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். ஏபி மொழிப்பாடமும் இருக்கு, அதுக்கு மேல இலக்கியத்துக்குன்னு இன்னொரு ஏபியும் இருக்கு. சுலபம்னு நினைச்சு எடுக்கறவங்கதான் மூணாவது வருஷத்துல மாட்டிக்கறாங்க. என் பொண்ணு ரெண்டு வருஷம் ஃப்ளாஷ் கார்டை வெச்சுக்கிட்டு ஓட்டினா, அதுக்கப்புறம் சப்ஜங்டிவ்னு ஒண்ணு வருது, ஆசைப்படறது, சந்தேகப்படறது, நடக்கணும்னு வேண்டிக்கறது எல்லாத்துக்கும் வினைச்சொல்லை வேற மாதிரி மாத்தணுமாம், டைனிங் டேபிள்ல உக்காந்து அழுதா. நம்ம ஊர்ல "மழை வரணுமே"ன்னு சொல்றோம்ல, வந்துச்சுன்னும் சொல்லல, வருதுன்னும் சொல்லல, மனசுல இருக்கற மழைன்னேன், கொஞ்சம் பிடிபட்டுச்சு.

ஃப்ரெஞ்ச் பத்தி அதிகமா சொல்ல ஒண்ணும் இல்ல. கனடா போற எண்ணம் இருந்தா, பாண்டிச்சேரியில சொந்தம் இருந்தா, இல்ல பிள்ளைக்கே ஆசைன்னா எடுங்க. ஸ்பானிஷை விட ஃப்ரெஞ்ச் ஒரு படி உசத்தியா தெரியும்னு ஒரு நினைப்பு நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, அதுக்கு அட்மிஷன் பக்கம் நான் ஒரு ஆதாரமும் பார்க்கல. பிரின்ஸ்டன் எழுதியிருக்கறது ஒரே மொழி 4 வருஷம்னுதான், எந்த மொழின்னு எழுதல.

மாண்டரின் எடுத்தா தனியா தெரியும்னு நிறைய பேர் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா அமெரிக்க வெளியுறவுத் துறை தன்னோட அதிகாரிங்களுக்கு மொழி சொல்லிக் கொடுக்கற கணக்கு ஒண்ணு இருக்கு, ஸ்பானிஷுக்கு சுமார் 600லேர்ந்து 750 மணி நேர வகுப்பு, மாண்டரினுக்கு 2200 மணி நேரம். அதாவது சுமார் மூணு மடங்கு. ஹைஸ்கூல்ல 4 வருஷம் படிச்சும் மாண்டரின்ல ஒரு பேப்பர் படிக்கற அளவுக்கு வர்றது கஷ்டம், கிளாஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கறது வீட்டுலயே அந்த மொழி பேசுற பிள்ளையா இருந்தா கிரேடும் கொஞ்சம் உதறலாத்தான் இருக்கும். சின்ன வயசுல இருந்தே இம்மர்ஷன் ஸ்கூல்ல (மத்த பாடத்தையும் அந்த மொழியிலயே சொல்லிக் கொடுக்கற ஸ்கூல்) படிச்ச பிள்ளைன்னா தாராளமா தொடருங்க. புதுசா ஒன்பதாவதுல, தனியா தெரியணுங்கற ஒரே காரணத்துக்காகன்னா எனக்கு உடன்பாடு இல்ல.

லத்தீன் சில ஸ்கூல்லதான் இருக்கு. பேச வேண்டாம், ஏபி பரிட்சையில கூட பேச்சுப் பகுதி கிடையாது, படிச்சு மொழிபெயர்க்கணும். நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்கவே கூச்சப்படற, ஆனா இலக்கணத்தைப் புதிர் மாதிரி பிரிச்சு மேயற பிள்ளைங்க உண்டு, அதுங்களுக்கு இது வரம். அமெரிக்க சைகை மொழியையும் யூசி மொழியா ஏத்துக்குது, அது சுலபமான வழின்னு நினைச்சுப் போகாதீங்க, அதுக்குன்னு தனி இலக்கணம் இருக்கு. கோடிங் மொழியே மொழிதானேன்னு டெக்சாஸ்ல இருக்கற ஒரு அண்ணா வாதாடுவார். அங்க ஹைஸ்கூல் முடிக்க வேண்டிய ரெண்டு மொழி கிரெடிட்டுக்குப் பதிலா கம்ப்யூட்டர் புரோகிராமிங் மொழியை எடுக்க இடம் இருக்கு, அது உண்மை. ஆனா அது ஹைஸ்கூல் முடிக்கத்தான், யூசியில ஜாவாவை மொழின்னு காட்டினா எடுபடாது.

இனி தமிழ். இங்கதான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு, எங்க வீட்டுல சறுக்கினதும் இங்கதான்.

என் பொண்ணு 9 வருஷம் வாரக்கடைசி தமிழ்ப் பள்ளிக்குப் போனா. ஞாயித்துக்கிழமை காலையில, வாடகைக்கு எடுத்த ஸ்கூல் கட்டடம், பிள்ளைங்க உள்ள ஆத்திசூடி சொல்லிக்கிட்டிருக்கும், நாங்க வெளியில பார்க்கிங்ல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து வீட்டு விலை பேசிக்கிட்டிருப்போம். ஹைஸ்கூல் வந்ததும் ஸ்பானிஷ் 1, 2 முடிச்சா, யூசிக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதான் தமிழ் 9 வருஷம் இருக்கே, மூணாவது நாலாவது வருஷத்துக்கு அது போதும்னு நாங்களா முடிவு பண்ணி ஸ்பானிஷை நிறுத்திட்டு அந்த இடத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுட்டோம். பதினொண்ணாவது பாதியில ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட போய் தமிழ் கிரெடிட்டை டிரான்ஸ்கிரிப்ட்ல ஏத்துங்கன்னு கேட்டா, அந்தம்மா ரொம்ப மரியாதையா சொன்னாங்க, வெளியில படிக்கற எந்த கோர்ஸா இருந்தாலும் வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஃபார்ம் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கணும், முடிஞ்சு போன வருஷத்துக்கு எங்க டிஸ்ட்ரிக்ட்ல (அந்த வட்டாரத்து பள்ளிகளை நடத்தற நிர்வாகம்) கொடுக்க மாட்டோம்னு. ஒரு பக்க ஃபார்ம், அவ்வளவுதான். 9 வருஷம் ஞாயித்துக்கிழமை தூக்கம் போச்சு, டிரான்ஸ்கிரிப்ட்ல ஒரு எழுத்து வரல. என் வீட்டுக்காரர் அன்னைக்கு கார்ல ஒரு வார்த்தை பேசல.

அதனால இப்போ யார் கேட்டாலும் சொல்றேன், தமிழை ஸ்பானிஷோட ஒப்பிடும்போது மொழியை ஒப்பிடாதீங்க, பேப்பரை ஒப்பிடுங்க. ஸ்பானிஷ் பேப்பர் தானா வந்துடும், ஸ்கூல்லயே படிக்கறதால. தமிழ் பேப்பரை நாமதான் ஒவ்வொண்ணா சேர்க்கணும். உங்க டிஸ்ட்ரிக்ட் வாரக்கடைசி தமிழ்ப் பள்ளிக்கு கிரெடிட் கொடுக்குதான்னு எட்டாவதுலயே கேளுங்க, சில டிஸ்ட்ரிக்ட் கொடுக்குது, சிலது கொடுக்கறதில்ல, கொடுக்கற இடத்துலயும் அது உலக மொழி லெவலா வருதா, சும்மா எலெக்டிவா (விருப்பப் பாடமா) வருதான்னு பாருங்க, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நீங்க போற தமிழ்ப் பள்ளி அங்கீகாரம் வாங்கினதான்னும் கேட்டுடுங்க.

தமிழுக்கு ஏபி கிடையாது. ஏபி இருக்கற மொழி ஏழுதான், ஸ்பானிஷ், ஃப்ரெஞ்ச், ஜெர்மன், இத்தாலியன், சைனீஸ், ஜாப்பனீஸ், லத்தீன். முன்னாடி எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட்னு ஒண்ணு இருந்துச்சு, அதுலயும் தமிழ் இருந்ததில்ல, அந்த டெஸ்டையே 2021ல நிறுத்திட்டாங்க. ஆக ஏபி போட்டா யூசி ஜிபிஏவுல ஏக்கு 4க்குப் பதிலா 5 விழுதே, அந்த ஒரு பாயிண்ட் தமிழுக்கு விழாது. இது நிஜமான நஷ்டம், மழுப்ப வேண்டாம்.

அதுக்கு பதிலா இருக்கறது சீல் ஆஃப் பைலிட்டரசி. கலிஃபோர்னியாதான் 2011ல சட்டம் போட்டு இதை ஆரம்பிச்ச முதல் மாநிலம், இப்போ ஏறக்குறைய எல்லா மாநிலத்துலயும் வந்துடுச்சு. இங்கிலீஷும் இன்னொரு மொழியும் நல்லா தெரியும்னு நிரூபிச்சா டிப்ளமாவுல ஒரு முத்திரை. தமிழுக்கு ஸ்டாம்ப்னு ஒரு ஆன்லைன் தேர்வு இருக்கு, எழுதறதும் பேசறதும் பார்ப்பாங்க. அதை எழுத வெச்சுதான் பொண்ணுக்கு முத்திரை வாங்கினோம். ஆனா பாருங்க, முத்திரை வர்றது பட்டம் வாங்கற சமயத்துல, அப்ளிகேஷன் போறது அதுக்கு ஆறு மாசம் முன்னாடி. தேர்வை பதினொண்ணாவதுலயே எழுதிட்டா மட்டும்தான் ஸ்கோரை அப்ளிகேஷன்ல காட்ட முடியும். நாங்க பன்னெண்டாவது ஜனவரியில எழுத வெச்சோம். சீல் அழகா இருக்கு, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம்.

அந்தத் தேர்வுக்கு தயார் பண்ணும்போது ஒரு கூத்து. பேச்சுல பிரச்சனையே இல்ல, பாட்டிகிட்ட தினமும் வீடியோ கால்ல வாயடிக்கறவதானே. கீபோர்டுல அடிச்சுப் பழகட்டும்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாத்தற வசதியை போட்டுக் கொடுத்தேன். அரை மணி கழிச்சு வந்து பார்த்தா, "நான் தினமும் பல்லிக்குப் போகிறேன். என் பல்லியில் ஆயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள்"னு ஒரு பாரா. பல்லிக்குள்ள எப்படிடீ ஆயிரம் பேர்னு கேட்டா அவளுக்கு புரியவே இல்ல, அவ காதுக்கு ல, ள ரெண்டும் ஒண்ணு. நம்ம பிள்ளைங்களுக்கு இடிக்கற இடம் இதுதான், பேசற தமிழ் ஒரு பக்கம், எழுதற தமிழ் ஒரு பக்கம், "வந்துட்டேன்"னு பேசற பிள்ளையை "வந்துவிட்டேன்"னு எழுத வைக்கணும். மூணு மாசம் வேணும், ஒரு வாரத்துல ஆகற வேலை இல்ல.

வீட்டுல பேசற மொழியையே காட்டினா சுலபமானதை எடுத்துக்கிட்டான்னு நினைப்பாங்களோன்னு ஒரு பயம் நிறைய பேருக்கு. வீட்டுல ஸ்பானிஷ் பேசற பிள்ளைங்க வருஷா வருஷம் ஏபி ஸ்பானிஷ் எழுதுதுங்க, அதுங்களை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. மேல சொன்னேனே வெளியுறவுத் துறை கணக்கு, அதுல தமிழுக்கு 1100 மணி நேரம், ஸ்பானிஷை விட கஷ்டமான வரிசை. அவ்வளவு கஷ்டமான ஒண்ணு நம்ம பிள்ளைக்கு பாதிக்கு மேல தானா வந்திருக்கு, அதை ஏன் ஒளிச்சு வைக்கணும். காமன் ஆப்ல (நிறைய காலேஜுக்குப் பொதுவான ஆன்லைன் அப்ளிகேஷன்) எந்தெந்த மொழி தெரியும், பேசுவியா படிப்பியா எழுதுவியான்னு கேக்கற இடம் இருக்கு, அங்க உண்மையை டிக் பண்ணுங்க. பாட்டி கையால முறுக்கு சுட்ட எஸ்ஸேயை மட்டும் யோசிச்சு எழுதுங்க, ஊர்ல இருக்கற அத்தனை பிள்ளையும் அதைத்தான் எழுதுது.

ஊர்ல இருந்து ஒன்பதாவது பத்தாவதுல இங்க வந்து சேர்ற பிள்ளைங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்துல ஆறாவதுலயோ அதுக்கு மேலயோ ரெண்டு வருஷம் படிச்சிருந்தாலே யூசி மொழிக் கணக்கு முடிஞ்சதா எடுத்துக்க வழி இருக்கு. இங்கிலீஷ் மீடியத்துல தமிழை ஒரு பாடமா படிச்ச பிள்ளைன்னா அந்த மார்க் ஷீட் எல்லாத்தையும் பத்திரமா கொண்டு வாங்க, சேரும்போதே கவுன்சிலர்கிட்ட கொடுத்து இதுக்கு கிரெடிட் உண்டான்னு கேளுங்க. பரண்ல போட்டுட்டு வந்தா அப்புறம் மாமனாரை விட்டுத் தேடச் சொல்லணும்.

காலேஜ் உள்ள போன பிறகும் இந்த மொழி விஷயம் விடாது. பிரின்ஸ்டன்ல ஏபின்னு சொல்ற கலை, அறிவியல் பட்டத்துக்கு மொழி கட்டாயம் (இது பரிட்சை ஏபி இல்ல, பட்டத்தோட பேரு), இன்ஜினியரிங் பட்டத்துக்கு கிடையாது. இப்படி ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சட்டம். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா மாதிரி தமிழே சொல்லிக் கொடுக்கற யூனிவர்சிட்டிகளும் இருக்கு, ஹார்வர்ட்ல தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். போற இடத்துல தமிழ்ல பிளேஸ்மென்ட் டெஸ்ட் (எந்த லெவல்ல இருக்கோம்னு பார்க்கற தேர்வு) எழுதி அந்தக் கட்டாயத்தைத் தாண்ட முடியுமான்னு கேட்டுட்டா ரெண்டு மூணு செமஸ்டர் மிச்சமாகும். ஏழாவது படிக்கற பிள்ளைக்கு இது இப்போ தேவையில்ல, சும்மா காதுல போட்டு வெச்சேன்.

என் முடிவைக் கேட்டா, ஸ்கூல்ல ஸ்பானிஷை எடுத்து நாலாவது லெவல் இல்லைன்னா ஏபி வரைக்கும் விடாம ஓட்டறது, தமிழை சீலுக்கும் முடிஞ்சா கிரெடிட்டுக்கும் கூடவே ஓட்டறது. ஒண்ணுதான் முடியும், பிள்ளை ஏற்கனவே நீச்சல், ரோபாட்டிக்ஸ்னு மூச்சு முட்டிக் கிடக்குன்னா, உங்க டிஸ்ட்ரிக்ட் தமிழை மொழி லெவலா ஏத்துக்கற இடமா இருந்தா தமிழையே 4 வருஷம் காட்டுங்க, தைரியமா. ஏத்துக்காத இடம்னா ஸ்பானிஷ். ரெண்டு வருஷத்தோட நிறுத்தறது, எங்க வீட்டுல பண்ணினது, யூசிக்குள்ள போக விடும், என் பொண்ணு போயிட்டா, ஆனா 4 வருஷம் கேக்கற காலேஜுக்கு அப்ளை பண்ணும்போது அந்த இடத்துல எழுத நமக்கு ஒண்ணும் இருக்காது.

தோழி கடைசியில ஸ்பானிஷை டிக் பண்ணிட்டா. என் சின்னவன் வர்ற ஆகஸ்ட்ல ஒன்பதாவது, ஸ்பானிஷ் 2ல உக்காரப் போறான். தமிழ் கிரெடிட் ஃபார்மை ஏப்ரல்லயே கொடுத்தாச்சு, கவுன்சிலர் கையெழுத்து போட்ட காப்பி ஒண்ணு ஃப்ரிட்ஜ் கதவுல, இன்னொண்ணு பாஸ்போர்ட் வைக்கற பெட்டியில, மூணாவது என் வீட்டுக்காரர் போன்ல.